வீட்டுக்குள் பவளத் தொட்டி: கடலின் அளவை எதைக்கொண்டு ஈடுகட்டுவது?

கொளத்தூர் கடைகளில் தங்கமீனும் கப்பியும் வாங்கி நாலைந்து வருடம் நன்றாக வளர்த்தவர்கள்தான் பெரும்பாலும் அடுத்து கடல்நீர்த் தொட்டியில் கைவைக்கிறார்கள். தொட்டியையும் ஸ்டாண்டையும் பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பவர்களும் அவர்களில்தான் அதிகம். மீன் வளர்க்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. ஆறு குளத்து மீன்கள் மாறுகிற தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை. ஒரு மழைக்குத் தண்ணீர் கலங்கும், சித்திரையில் பாதியாக வற்றும், உப்பும் சூடும் ஏறி இறங்கும். இவற்றையெல்லாம் தாங்கும் உடம்பு அவற்றுக்கு. பவளப்பாறையில் வாழும் உயிர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆயிரம் கிராம் தண்ணீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 8.1, 8.2 என்று நிற்கும் பி.எச்., ஆண்டு முழுவதும் சில டிகிரிக்கு மேல் அசையாத வெப்பம் என்ற நிலையிலேயே அவை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றன.

கடல் இப்படி அசையாமல் இருப்பதற்குக் காரணம் அதன் அளவு. ஒரு மீன் செத்து மிதந்தால் கடலின் கணக்கில் அது வரவே வராது. 400 லிட்டர் தொட்டியில் பாறை இடுக்கில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் மறுநாள் காலை அம்மோனியா சோதனைக் குழாய் பச்சையாக மாறும். ரீஃப் டேங்க், அதாவது பவளத் தொட்டி, என்று கேட்டதும் கடைக்காரர் வரிசையாக எடுத்துவைக்கும் கருவிகள், கடல் தன் பெரிய உடம்பால் சும்மா செய்துகொண்டிருக்கும் வேலைகளைக் கரண்ட் செலவழித்துச் செய்பவை. எந்தக் கருவி எந்த வேலைக்கு ஈடு என்று பிடிபட்டுவிட்டால், எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது என்பதை நாமே முடிவுசெய்துகொள்ளலாம்.

அளவில்தான் எல்லாம் தொடங்குகிறது என்பதால் சின்னத் தொட்டியில் ஆரம்பித்துப் பழகலாம் என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. 40 லிட்டர் நானோ தொட்டி பார்க்க அழகு, விலையும் குறைவு. ஆனால் அதில் ஒரு சிட்டிகை தீனி கூடிப்போனாலும் தண்ணீர் கெடும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது வீட்டில் வைக்கக்கூடிய நல்ல அளவு. 16 கன அடி என்றால் சுமார் 450 லிட்டர். பாறையும் மணலும் கொஞ்சம் இடத்தைப் பிடிக்கும். கீழே அலமாரிக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டியான சம்ப் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் 600 கிலோவைத் தாண்டும். எட்டு சதுர அடி இடத்தில் சதுர அடிக்கு 75 கிலோ. இந்தியத் தர விதிப்படி வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 19 கிலோ அளவில் பரவிய பாரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. மற்ற இடம் காலியாக இருக்கும்போது ஒரு மூலையில் கூடுதல் பாரம் வைப்பதால் தளம் உடனே இறங்கிவிடாது என்றாலும், மாடி வீடு என்றால் நடு ஹாலைத் தவிர்த்து, பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதுதான் முறை. பழைய கட்டடமாக இருந்தால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து?

சென்னைக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: பக்கத்திலேயே கடல் இருக்கும்போது உப்பை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ கரையோரத்தில் மொண்டு வரும் தண்ணீர் பவளப்பாறைத் தண்ணீர் கிடையாது. அடையாறும் கூவமும் கழிவோடு வந்து கலக்கும் கரை அது. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அளந்து பார்த்தால் உப்பின் அளவே இறங்கியிருக்கும். கரையை விட்டுத் தள்ளி, மழை இல்லாத மாதத்தில் எடுத்து, இருட்டில் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. பெரிய காட்சியகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் அப்படிச் செய்ய வசதி உள்ளவை. வீட்டுக்கு மூட்டையிலோ வாளியிலோ வரும் செயற்கைக் கடல் உப்புதான் சரி. சமையல் உப்பில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடு. கடல் உப்புக் கலவையில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் கடலில் உள்ள விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். முதல் நிரப்புக்கு 450 லிட்டருக்கு 16, 17 கிலோ பிடிக்கும்.

உப்பைவிட முக்கியமானது அதைக் கரைக்கும் தண்ணீர். போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, ஆயிரத்தைத் தாண்டும் தெருக்கள் சென்னையில் நிறைய. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். கேன் தண்ணீர் குடிக்கச் சரி, ஆனால் அதில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது கேனுக்குக் கேன் மாறும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குழாய் ஒன்றை இணைத்து, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீரை எடுப்பதுதான் வழி. இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் பிறகு பாசியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். செம்பு கொஞ்சம் கலந்திருந்தால்கூட இறாலும் நத்தையும் செத்துவிடும்.

உப்பைத் தொட்டிக்குள் கொட்டிக் கரைக்கக் கூடாது. தனி டிரம்மில் தண்ணீரை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு நாள் சுற்றவிட வேண்டும். பிறகு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்கும். அடர்த்தி மானி வைத்திருப்பவர்களுக்கு அது 1.026.

அதன்பின் வரும் தினசரி வேலை ஆவியாதலைச் சமாளிப்பது. ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். ஒரு நாளைக்கு 5 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 35இல் இருந்த உப்பு 38ஐ நெருங்கிவிடும். கடலில் இதற்கு வழியே இல்லை. எனவே குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்ப வேண்டும், அதுவும் வாரம் ஒருமுறை வாளியால் ஊற்றாமல், சம்பில் மட்டம் அரை அங்குலம் இறங்கியதும் தானாகத் திறக்கும் கருவியால். நம் ஊர்த் தொட்டிகளுக்கு, விளக்குக்கு முன்பே வாங்க வேண்டியது இந்தத் தானியங்கி நிரப்பிதான் என்பது என் கட்சி.

காத்திருக்கும் ஆறு வாரம்

தண்ணீர் தெளிந்து, மணலும் பாறையும் அடுக்கி, பம்ப் ஓடத் தொடங்கியதும் மீன் விடக் கை பரபரக்கும். அப்போது மீன் விட்டால் பிழைப்பது அரிது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையின் துளைகளில் குடியேறி வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடல்நீரில் இந்தக் காத்திருப்பு இன்னும் அவசியம். பி.எச். 8.2 இருக்கும்போது அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு, நடுநிலை நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ‘தங்கமீன் தொட்டியில் இரண்டாம் நாளே மீன் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற அனுபவம் இங்கே செல்லாது. மீனை விட்டுப் பழக்குவதற்குப் பதில் ஒரு சின்ன இறால் துண்டைப் போட்டோ, அம்மோனியம் குளோரைடு சேர்த்தோ பாக்டீரியாவுக்குத் தீனி கொடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, இரண்டும் பூஜ்யம் ஆன பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

பாறைதான் வடிகட்டி என்பதை உலகுக்கு எழுதிக் காட்டியவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். ஜகார்த்தாவில் இருந்த அவர், பெரிய வடிகட்டிகள் எதுவும் இல்லாமல், பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும், கடலிலிருந்து எடுத்த ‘உயிருள்ள’ பாறையும் காற்றுக் குமிழியும் வெயிலும் வைத்தே பவளங்களை வளர்த்து, அந்த முறையை 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் வெளியிட்டார். வாசலிலேயே கடலும் தலைக்கு மேலே வெயிலும் இருந்தவருக்கு அது எளிதாக வந்தது. குளிர்நாட்டு வீட்டுக்குள் அதே முறையை நடத்த ஜெர்மானியர்கள் வலுவான விளக்கும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான். இன்றைய தொட்டிகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகளே.

நம் ஊரில் இதில் ஒரு மாற்றம் தேவை. உயிருள்ள பாறையைக் கடலிலிருந்து பெயர்த்து வருவது தமிழ்நாட்டில் எளிதாகக் கடந்துபோகும் விஷயம் அல்ல. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளக் கல்லைப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போனதில் அந்த வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. அங்கிருந்து வந்தது என்று யாராவது ‘லைவ் ராக்’ விற்றால் வாங்காதீர்கள். காய்ந்த பாறையோ, சுட்டு எடுத்த பீங்கான் பாறையோ வாங்கி, பாட்டிலில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்தால் போதும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நடுவில் பழுப்புத் தூள் பாசியும் பிறகு பச்சை முடிப்பாசியும் வந்து தொட்டி பார்க்கச் சகிக்காமல் கிடக்கும். நத்தைகளை விட்டு, விளக்கு நேரத்தைக் குறைத்துப் பொறுத்திருங்கள்.

அலையும் நுரையும்

கடலில் கழிவை நீர்த்துப்போகச் செய்வது தண்ணீரின் கொள்ளளவு. தொட்டியில் அந்த வேலையைச் செய்வது புரோட்டீன் ஸ்கிம்மர். புயலுக்குப் பிறகு மெரினாவில் கரையெங்கும் வெள்ளை நுரை குவிவதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்திருக்கும் புரதமும் எண்ணெய்ப் பசையும் காற்றுக் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் வரும் நுரை அது. ஸ்கிம்மர் இதையே ஓர் உயரமான குழாய்க்குள் செய்கிறது. ஊசிப் பற்கள் கொண்ட பம்ப் காற்றைப் பொடியாக அரைத்து, பால் போல வெளுத்த குமிழிக் கூட்டமாகத் தண்ணீருக்குள் தள்ளும். குமிழிகள் மேலே ஏற ஏறத் தண்ணீர் வடிந்து, கழிவை மட்டும் சுமந்த கெட்டி நுரை கழுத்தைத் தாண்டிக் கிண்ணத்தில் விழுந்து உடையும். மூன்று நாள் கழித்துக் கிண்ணத்தைக் கழற்றினால் அதில் இருப்பது கஷாய நிறத்தில் ஒரு திரவம். மோந்து பார்க்காமல் சாக்கடையில் கொட்டிவிடுவது நல்லது. அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே கழிவை வெளியேற்றும் முக்கியமான கருவி கடல்நீர்த் தொட்டியில் இதுதான். நன்னீரில் நுரை இப்படிக் கட்டாது. புது ஸ்கிம்மர் முதல் ஒரு வாரம் ஒழுங்காக நுரை தள்ளாது. உள்ளே வழவழப்பு படிய வேண்டும். பழுது என்று திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

ஸ்கிம்மரின் இன்னொரு வேலை பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை: அது தண்ணீருக்குக் காற்றூட்டுகிறது. 26 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்துவைத்தால், கடல்நீர் 6.7 அளவுதான் பிடிக்கும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். அதனால்தான் அலை எழுப்பும் பம்புகளும் வேண்டும். மணிக்கு, தொட்டியின் கொள்ளளவைப் போல 20 மடங்கு தண்ணீராவது உள்ளே புரள வேண்டும். கால் இல்லாத பவளத்துக்குத் தீனியும் மூச்சும் ஓட்டத்தில்தான் வருகிறது, கழிவு போவதும் அதில்தான். ஒரே திசையில் பீய்ச்சி அடிக்காமல் இரண்டு பம்புகளை எதிரெதிரே வைத்து மாற்றி மாற்றி ஓடவிட்டால் பவளத்தின் இதழ்கள் இரு பக்கமும் அசைவதைப் பார்க்கலாம்.

விளக்கு, வெயில், சித்திரை மாதம்

பவளம் விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியை வைத்து அவை தயாரிக்கும் சர்க்கரையில்தான் பவளத்தின் சாப்பாட்டுத் தேவையில் மிகப் பெரும் பங்கு நிறைவேறுகிறது. அதனால் விளக்கு இங்கே அலங்காரத்துக்கு இல்லை, அது தீனி. ஆழத்துக்குப் போகப் போகக் கடலில் சிவப்பு மங்கி நீலமே மிஞ்சும். அதனால்தான் ரீஃப் விளக்குகள் நீலம் தூக்கலாக எரிகின்றன. எல்.இ.டி. விளக்கை வாங்கிய அன்றே முழு வீச்சில் எரியவிடுவது புதியவர்கள் வழக்கம். கடைத் தொட்டியில் மங்கலான ஒளியில் இருந்து வந்த பவளம் ஒரே வாரத்தில் வெளுத்துவிடும். பாதி ஒளியில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும்.

வெளுப்பதற்கு இன்னொரு காரணம் சூடு. நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நின்றாலே பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளத் தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பெரிய அளவில் இப்படி நடந்தது. 2024இல் உலகு தழுவிய நான்காவது வெளுப்பு நடப்பதாக அறிவிக்கப்பட்டது. அத்தனை பெரிய கடலே சூட்டுக்கு இப்படித் தடுமாறும்போது ஹாலில் இருக்கும் 450 லிட்டர் எம்மாத்திரம்? மேலைநாட்டு வழிகாட்டிகள் ஹீட்டர் வாங்கச் சொல்லித் தொடங்கும். சென்னையில் ஹீட்டர் பெட்டியை விட்டு வெளியே வரும் நாட்களை எண்ணிவிடலாம். இங்கே பிரச்சினை குளிர்விப்பது.

மலிவான வழி ஒன்று உண்டு. சம்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். 450 லிட்டர் தொட்டியில் அது 1.3 டிகிரி இறக்கத்துக்குச் சமம். மதுரை போன்ற உலர்ந்த ஊரில் இது அருமையாக வேலை செய்யும். சென்னையில் நிலக்காற்று வீசும் அக்னி நட்சத்திரத்து மதியத்திலும் பரவாயில்லை. கடற்காற்று உள்ளே வந்து உடம்பெல்லாம் கசகசக்கும்போது தண்ணீர் ஆவியாக மறுக்கும், விசிறி சும்மா சுற்றும். அந்த நேரத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் தேவை, அல்லது அந்த அறைக்கு ஏ.சி. சில்லரைத் தொட்டி இருக்கும் மூடிய அறைக்குள்ளேயே வைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள் கொட்டி, அறைக் காற்று திரும்பத் தொட்டியைச் சூடாக்கும். பால்கனிப் பக்கம், காற்றோட்டமான இடத்தில் வைத்துக் குழாய் இழுப்பதே உத்தமம். 26 டிகிரி என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே சில்லரை நாள் முழுதும் ஓடவிடுவதைவிட, 27இல் வைத்து அங்கேயே நிலையாக நிறுத்துவது மேல். பவளத்துக்கு எண்ணைவிட ஏற்ற இறக்கம்தான் ஆபத்து.

எதை வளர்ப்பது, எதைத் தொடக்கூடாது

கடையில் கண்ணைப் பறிக்கும் கிளைப் பவளங்களைப் பார்க்கும்போது சட்டம் நினைவுக்கு வராது. இந்திய வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில், சுண்ணாம்பு எலும்பு கட்டும் கல் பவளங்கள் எல்லாம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை என்று ஒரு பட்டியல் 2001இலிருந்து இருக்கிறது. புலி இருக்கும் அதே அட்டவணை. பிடிபட்டால் மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர், பண்ணையில் வெட்டி வளர்த்த கல் பவளத் துண்டுகளை ரசீதோடு வாங்கி வளர்க்கிறார் என்பதை வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல் உயிர்களை வீட்டில் உயிரோடு வைத்திருந்தால் பதிவு செய்யவும் வேண்டும். ‘பேப்பர் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம் சார்’ என்று சொல்லும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

மேலே சொன்ன கூட்டங்களில் வராத மென்பவளங்கள் இருக்கின்றன: தோல் பவளம், காளான் பவளம், பட்டன் என்று கடையில் சொல்லும் சோயாந்திட். வளர்ப்பதற்கும் இவையே எளியவை. மிதமான ஒளியும் கொஞ்சம் நைட்ரேட்டும் இருந்தாலே பெருகும். பட்டன் பவளம் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கையில் வெட்டுக்காயத்தோடு தொடுவதும், பாறையில் படர்ந்ததை அழிக்கிறேன் என்று அடுப்பில் கொதிக்கவைப்பதும் குடும்பத்தோடு மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். நஞ்சு ஆவித்துளிகளோடு மூச்சில் ஏறும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீருக்கு அடியிலேயே கையாள வேண்டும்.

கல் பவளம் சட்டப்படி வளர்க்கக்கூடிய நாடுகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலை சேரும். பவளம் எலும்பு கட்டக் கட்ட, தண்ணீரில் கால்சியமும் காரத்தன்மையும் இறங்கிக்கொண்டே போகும். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், காரத்தன்மை 8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1,300 அளவில் நிற்க வேண்டும். கடலில் இந்தக் கையிருப்பு தீராது, தொட்டியில் சில நாளில் தெரிந்துவிடும். இதை ஈடுகட்டும் பழைய, எனக்கு மிகவும் பிடித்த வழி சுண்ணாம்புத் தெளிவு. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடை லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவில் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, மூடிவைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது. ஆவியானதற்கு ஈடாக ஊற்றும் தண்ணீரே கால்சியத்தையும் கொண்டுவந்துவிடும். பி.எச். 12ஐத் தாண்டும் நீர் என்பதால் வேகமாக ஊற்றினால் எல்லாம் சாகும். வெற்றிலைக்குப் போடும் கிளிஞ்சல் சுண்ணாம்பு இதற்கு உதவாது, அதில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. மென்பவளம் மட்டும் உள்ள தொட்டிக்கு இவ்வளவும் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 சதவீதத் தண்ணீர் மாற்றினால் புது உப்பிலிருந்தே வேண்டியது கிடைத்துவிடும்.

மீன்களில் முதலில் கோமாளி மீன். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையை நிலைநாட்டியவை. தொட்டியில் பிறந்த மீன் குச்சித் தீனிக்குப் பழகியிருக்கும், நோயும் குறைவு. கடலில் பிடித்த மீனின் பயணம் வேறு. கடல் அலங்கார மீன் வணிகம் 1930களில் இலங்கையில்தான் தொடங்கியது என்பார்கள். அங்கே மூழ்கி வலையால் பிடிக்கும் வழக்கம் இருக்க, பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிப்பது பல பத்தாண்டுகளாக நடந்துவந்திருக்கிறது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாக நீந்தும், தீனியும் எடுக்கும், சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். கோமாளி மீன் எல்லாமே ஆணாகப் பிறக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். எனவே ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக இரண்டு குஞ்சுகள் வாங்கினால் ஜோடி தானாக அமையும். கடலில் அது குடியிருக்கும் கடல் அனிமோன் இல்லாமலும் நிம்மதியாக வாழும், அதற்காகத் தனியே செலவு வேண்டாம்.

மாண்டரின் மீனைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது பாறையில் ஊரும் கண்ணுக்கெட்டாத கோப்பிபாடு என்ற சிற்றுயிர்களை நாளெல்லாம் கொத்தித் தின்னும் மீன். ஒரு வருடமாவது ஆகாத தொட்டியில் விட்டால் கண்ணெதிரே மெலிந்து சாகும். நீல டாங் மீன் கையளவில் வாங்கினாலும் ஓரடி வரை வளரும், நான்கடி தொட்டி அதற்குச் சிறை. எந்த மீனானாலும் நேரே தொட்டியில் விடக் கூடாது. தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். வெண்புள்ளி நோய் வந்தால் அங்கே செம்பு மருந்து கொடுக்கலாம். பிரதானத் தொட்டியில் கொடுத்தால் மீன் பிழைக்கும், இறாலும் நத்தையும் பவளமும் போய்விடும்.

கரண்ட் கணக்கும் கரண்ட் போன கணக்கும்

விளக்கு 150 வாட் ஒன்பது மணி நேரம், பம்புகள் எல்லாம் சேர்ந்து 80 வாட் 24 மணி நேரம், ஸ்கிம்மர் 20 வாட், சில்லர் 350 வாட் பத்து மணி நேரம் என்று கோடைக்கு ஒரு கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஏழே கால் யூனிட் வரும். இரண்டு மாத பில்லில் அது 435 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், இந்த 435 யூனிட் உங்கள் வழக்கமான பயன்பாட்டின் மேல் போய் உட்காரும், விலை அதிகமான படியில். தொட்டி வாங்கும் காசைவிட இதை முதலில் வீட்டில் பேசி முடித்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

2016 டிசம்பரில் வர்தா புயலிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாமிலும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இன்வெர்ட்டரை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். விளக்குக்கு வேண்டாம். பவளம் இரண்டு மூன்று நாள் இருட்டைத் தாங்கும். மழை மூட்டத்தில் கடலிலும் வெளிச்சம் குறைவுதான். புயல் நாளில் வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் சில்லரும் வேண்டாம். ஆக்சிஜன்தான் முதலில் தீரும். அலை பம்ப் ஒன்றை மட்டும் தண்ணீரின் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி, இன்வெர்ட்டரில் போடுங்கள். இன்வெர்ட்டரும் இறங்கிவிட்டால், கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்று பம்ப் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இரண்டு வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாதவர்கள் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான், அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம். தீனி அறவே கூடாது. கரண்ட் வந்ததும் மூடிய கேனிஸ்டர் வடிகட்டி இருந்தால் அதை அப்படியே போட்டுவிடாதீர்கள். உள்ளே தேங்கி அழுகிய தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். முதல் நாள் விளக்கைப் பாதி நேரத்துக்கு வையுங்கள், அம்மோனியாவை அளந்து பாருங்கள், தெரிந்தால் முன்பே கலந்து வைத்த உப்புத் தண்ணீரில் கால் பங்கு மாற்றுங்கள். மழைக்காலம் முழுவதும் ஒரு டிரம் உப்புத் தண்ணீர் மூடித் தயாராக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.